தீபம் காட்டாத பெட்டி

அத்தியாயம் 9

"அந்த புவா சாமியாரோட பெட்டிக்குள்ள படச்சுருள் இல்லேன்னா என் மீசையை எடுத்துடறேன் சாஹேப்!"

"உனக்கு ஏதுடா மீசை?"

"அந்தத் தைரியத்துலதானே சபதம் பண்றேன்."

வேறொரு நாளாயிருந்தால் துப்பறியும் சர்ஜேராவ் இங்கவலே வாய்விட்டுச் சிரித்திருப்பார். இன்று ஜீப்பின் பின் இருக்கையில் ஹௌசாபாய் உட்கார்ந்திருந்தாள். கோலாப்பூரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. ஒன்பது கஜப் புடவையின் தலைப்பைக் காதோரம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வெட்டி முடித்த கரும்புக் கொல்லைகளையே வெறித்தபடி வந்தாள்.

உதவியாளன் பப்பன் மாண்ட்ரே ஒரு காலத்தில் கூத்துக் கம்பெனியில் கோமாளி. கம்பெனி நொடித்ததும் சர்ஜேராவிடம் வந்து ஒட்டிக்கொண்டான். சாவு வீட்டில்கூட அவன் நாக்கு சும்மா இருக்காது. ஆனால் கண்ணும் காதும் நாக்கைவிடச் சுறுசுறுப்பு. அதற்காகவே சர்ஜேராவ் அவனைப் பொறுத்துக்கொண்டார்.

போலீஸ் உத்தியோகத்தை உதறிய பிறகு அவருக்கு வந்த வழக்கெல்லாம் ஓடிப்போன புருஷன்மார், களவுபோன எருமைகள். ஹௌசாபாய் வந்தபோதும் அப்படி ஏதோ ஒன்று என்றுதான் நினைத்தார்.

"ஒரு படம் தொலைஞ்சு போச்சு தம்பி. தேடிக் குடுப்பியா?" என்றாள்.

"எப்ப தொலைஞ்சது மாவ்ஷி?" என்று சித்தி முறை வைத்துக் கேட்டார்.

"அம்பது வருஷமாச்சு."

படங்கள் பேசாத காலம் அது. படத்தின் பெயர் 'சோனே துளஸ்' – பொன்னும் துளசியும். பண்டரிபுரத்துக்கு நடந்து போகும் ஒரு பக்தனை மாயை வழிமறிக்கிறது. பொற்குவியலைக் காட்டுகிறது, மாளிகையைக் காட்டுகிறது, ஆடும் பெண்களைக் காட்டுகிறது. எதற்கும் அவன் மசியவில்லை. கடைசியில் அவனுடைய குழந்தையையே கொண்டுவந்து நிறுத்துகிறது. தத்தித் தத்தி, கையை நீட்டிக்கொண்டு வருகிறது குழந்தை. பக்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறான். அந்தத் திருப்பத்தில் பாண்டுரங்கன் தரிசனம் கிடைக்கிறது. ஊர் ஊராகத் திரைக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள்.

பக்தனாக நடித்தவன் தாமோதர் சௌகுலே. அவன் மனைவியாக நடித்தவள், நிஜத்திலும் அவன் மனைவியான ஹௌசாபாய். குழந்தையும் அவர்கள் பெற்றதுதான்.

படம் வெளியான மழைக்காலத்தில் ஊரில் பிளேக் புகுந்தது. குழந்தை போய்விட்டது. தாமோதர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. குழிக்கு மண் தள்ளிவிட்டு வந்தான். அடுத்த நாள் பண்டரிபுரம் போகும் பஜனைக் கூட்டத்தோடு சேர்ந்து போனவன் திரும்பவே இல்லை. படத்தில் பக்தன், நிஜத்தில் சாமியாரானான். தாமோதர் புவா என்றால் சுற்று வட்டாரமே கையெடுத்துக் கும்பிட்டது. போன வருஷம் இதே நாளில் ஆம்ப்ரேகாவ் மடத்தில் அவர் சமாதியானார்.

"படத்துல முகத்தைத் திருப்பக் கத்துக்கிட்டான் தம்பி. வீட்டுலயும் திருப்பிட்டுப் போயிட்டான்," என்று அன்று ஹௌசாபாய் சொன்னாள். "அவன் எக்கேடு கெட்டா எனக்கென்ன. எனக்குக் குழந்தையைப் பார்க்கணும். ஒரு போட்டோ கிடையாது. முகம் மறந்து போச்சு. பெத்தவளுக்கே மறந்து போச்சு தம்பி."

அந்தக் கடைசி வாக்கியம் சர்ஜேராவைத் தூங்கவிடவில்லை.

ஸ்டூடியோ கிடங்கு தீப்பிடித்ததில் படத்தின் பிரதி எல்லாம் சாம்பல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மீரஜில் படுத்த படுக்கையாகக் கிடந்த பழைய படம் ஓட்டும் எந்திரக்காரர் மட்டும் இல்லை என்று தலையை ஆட்டினார். "கடைசிச் சுருள் எரியலை. தாமோதர் ஊரை விட்டுப் போன அன்னைக்கு அழுது கேட்டு வாங்கிட்டுப் போனான்." அழுதான் என்பதை ஹௌசாபாய் நம்பவில்லை. சர்ஜேராவ் நம்பினார். புவா யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த ஒரு பெட்டியைப் பற்றியும் கேள்விப்பட்டார். அதனால்தான் இந்தப் பயணம்.

சாலையோரத்தில் ஒரு வெல்லக் கொட்டகையின் அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் பின் இருக்கையிலிருந்து முதல்முறையாகக் குரல் வந்தது.

"கிடங்கு எரிஞ்சதை நான் பார்த்தேன். அந்தக் காலத்துப் படச்சுருள் இருக்கே, கற்பூரம் தோத்துப் போகும். யாரோ பீடி பத்த வெச்சான், அவ்வளவுதான். தண்ணி ஊத்த ஊத்த எரிஞ்சுது. ரெண்டு பேரு உள்ளேயே போயிட்டாங்க."

பப்பன் வாயில் வைத்திருந்த பீடியை எடுத்து வெளியே எறிந்தான்.

"சுருள் இங்க இல்லை மாவ்ஷி," என்று சமாளித்தான்.

"இல்லைதான். நீ பீடி குடிக்காம இருந்தா உனக்கும் நல்லது."

மடத்து வாசலில் ஜீப் நின்றபோது சூரியன் மேற்கே சாய்ந்திருந்தது. முதலாண்டு நினைவு நாள். மாட்டு வண்டிகளும் சைக்கிள்களும் வாசலை அடைத்துக் கிடந்தன. உள்ளே தாளச் சத்தம் கேட்டது. ஹௌசாபாய் இறங்கவில்லை.

"நீங்க போய்ட்டு வாங்க. அந்த ஆள் சமாதியை நான் கும்பிட மாட்டேன்."

மடத்தை நிர்வகித்து வந்தவர் பல்வந்த் நானா. அறுபது தாண்டிய, ஒல்லியான மனிதர். முகத்தில் கள்ளம் இல்லை. சர்ஜேராவ் வந்த காரியத்தைச் சொன்னதும் அந்த முகம் கறுத்தது.

"புவா பெட்டியைத் திறக்கணுமா? முப்பது வருஷம் அவர் காலடியில கிடந்தேன், நானே அதைத் தொட்டதில்லை. சன்னிதானத்துல வந்து போலீஸ் சோதனை போடறீங்களா?"

"நான் போலீஸ் இல்லை நானா. விட்டுட்டேன்."

"புத்தி மட்டும் விடலை."

"நல்லாச் சொன்னீங்க! நானும் தினம் இதைத்தான் சொல்றேன்," என்றான் பப்பன். நானா அவனை முறைத்தார்.

பெட்டியைத் தூரத்திலிருந்து பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. தாழ்ந்த கூரை போட்ட உள்ளறை. நடுவில் கல் மேடை. மேடைமேல் காவித் துணி போர்த்திய ஒரு தகரப் பெட்டி. அதைச் சுற்றி மண் அகல்கள் வட்டம் வட்டமாக அடுக்கி, எண்ணெய் ஊற்றித் திரி போட்டுத் தயாராக இருந்தன. பெண்களும் குழந்தைகளும் முன்கூட்டியே இடம் பிடித்து நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போக, வெளியே வர ஒரே வாசல். அதிலும் குனிந்துதான் நுழைய வேண்டும்.

"உள்ளே என்ன இருக்குன்னு சொல்றாங்க?" என்று கேட்டார் சர்ஜேராவ்.

"பண்டரிநாதனே புவாவுக்குக் கனவுல குடுத்த பாதுகை. இன்னைக்குப் பொழுது சாயும்போது முதல் தடவையா தீபம் ஏத்தறோம். அவர் இருந்தவரைக்கும் இந்த அறையில விளக்கேத்த விடமாட்டார். எளிமை! இப்ப அவர் இல்லை. நாங்க செய்ய வேண்டியதைச் செய்யறோம்." அவர் சொன்ன உறுதியில், உள்ளே படச்சுருள் இருக்கும் என்ற நம்பிக்கையே சர்ஜேராவுக்கு ஆட்டம் கண்டது.

பெட்டியின் மூட்டிலிருந்து செம்பழுப்பாக ஒரு பொடி உதிர்ந்து மேடையில் படிந்திருந்தது. வந்தவர்கள் அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். பப்பன் ஒரு சிட்டிகை எடுத்து இட்டுக்கொண்டு, இன்னொரு சிட்டிகையைக் கைக்குட்டையில் முடிந்தான்.

"உனக்கு எதுக்குடா?"

"எனக்கில்லை, என் பொண்டாட்டிக்கு. வாய் அடங்க மாட்டேங்குது சாஹேப். புவா அருள் பண்ணட்டும்." முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தான். "என்ன, பிரசாதம் ஊசிப்போன மாதிரி இருக்கு."

சர்ஜேராவ் சமையல்கட்டுப் பக்கம் நடந்தார். மடங்களில் ரகசியம் சன்னிதியில் இருக்காது, அடுப்பங்கரையில்தான் இருக்கும் என்பது அவர் அனுபவம்.

அங்கே ரக்மா என்ற பெண் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கடைசி வரை புவாவுக்குச் சோறாக்கி, காய்ச்சலில் கால் பிடித்துவிட்டவள் அவள்தானாம்.

"அக்கா, ரொட்டி வாசனை வாசலுக்கே வந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடுச்சு," என்று பப்பன் சம்மணம் போட்டான்.

"இழுத்துட்டு வந்துச்சில்ல? அப்ப அதோட பேசிட்டு இரு. பந்திக்கு முன்னால சோறு கிடையாது."

சொல்லிக்கொண்டே ஒரு ரொட்டியை மிளகாய்த் துவையலோடு அவன் கையில் வைத்தாள். சர்ஜேராவ் மெல்லப் பேச்சை எடுத்தார். புவா உள்ளறையில் ஏன் விளக்கு வைக்கவில்லை?

"விளக்கா? ஊதுவத்திகூடக் கூடாது! ஒரு தடவை யாரோ பக்தர் கற்பூரத் தட்டோட உள்ள போயிட்டார். புவா பாய்ஞ்சு போய்த் தட்டைப் பிடுங்கி வெளியே எறிஞ்சார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அது ஒண்ணுதான். சாமிக்குச் சூடு ஆகாதாம். கோடை வந்தா பெட்டி மேல ஈரச் சாக்கு போடச் சொல்வார்."

சர்ஜேராவ் ரொட்டிக்காக நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "வேற என்ன செய்வார்?"

"சாயங்காலமானா அறையோட மேற்கு ஜன்னல்கிட்டப் போய் நிப்பார். கதவைச் சாத்திக்குவார். நான் ஒரு நாள் வெளியே சாணி தட்டும்போது பார்த்தேன். கையை இப்படிச் சூரியனுக்கு நேரா தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறார். சூரிய நமஸ்காரம்."

"ஒரு கண்ணை மூடியா?"

"ஒரு கண்ணை. பெரியவங்க யோகம், நமக்கு என்ன தெரியும்?"

பப்பன் மென்றதை நிறுத்தினான். "நான் கூத்துல இருந்தப்ப டூரிங் கொட்டகைக்காரன் அறுந்துபோன ஃபிலிம் துண்டு குடுப்பான் சாஹேப். வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சு இப்படித்தான்…" ஒரு கண்ணை மூடிக் காட்டினான். மூடிய கண் அப்படியே நின்றது. மற்றக் கண் அகல விரிந்தது. "ஐயோ! தீபம்!"

சர்ஜேராவ் அதற்குள் முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தார்.

தாளமும் மிருதங்கமும் உச்சத்தில் இருந்தன. நானா ஒரு கையில் கனல் நிறைந்த தூபக்காலும், மறு கையில் எரியும் திரிக்கோலுமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளறையை நோக்கி வந்தார். சர்ஜேராவ் வாசலை அடைத்து நின்றார்.

"வழி விடுங்க."

"மாட்டேன். முதல்ல உள்ள இருக்கற குழந்தைங்களை வெளியே கொண்டுவாங்க."

"யாருய்யா நீ?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான். இன்னொருவன் கையை ஓங்கினான்.

"அடிக்கறதை அப்புறம் அடிங்க, நான் எங்கேயும் போயிட மாட்டேன்!" சர்ஜேராவ் குரலை உயர்த்தினார். "நானா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். விளக்கு வேண்டாம்னு எந்தச் சாமி சொல்லும்? ஊதுவத்தி வேண்டாம்னு எந்தச் சாமி சொல்லும்? புவா பயந்தது சாமிக்கு இல்லை. நெருப்புக்கு. பப்பன், அந்தப் பிரசாதத்தை எடு!"

பப்பன் கைக்குட்டையை அவிழ்த்தான். யாரும் தடுக்கும் முன், முற்றத்தில் நின்ற நானாவின் தூபக்காலில் அந்தச் சிட்டிகைப் பொடியைத் தூவினான்.

புஸ்ஸென்று மஞ்சள் ஜுவாலை ஒன்று முழ உயரத்துக்கு எழுந்து அடங்கியது. தாளம் நின்றது. நானா தூபக்காலைக் கீழே போட்டார்.

பப்பன் நெற்றியைத் தடவினான். "மீசைதான் போகும்னு பயந்தேன். புருவம் போயிடுச்சு." பிறகு அலறினான். "தண்ணி! தண்ணி கொண்டாங்க! என் நெத்தியில இன்னும் கொஞ்சம் இருக்கு!"

யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் குழந்தைகளை வாரிக்கொண்டு வெளியே வந்தார்கள். நானா திரிக்கோலைத் தானே கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார்.

"இத்தனை பேரையும் நானே கொளுத்தியிருப்பேன்," என்றார் மெதுவாக. "திறங்க. என்னதான் இருக்குன்னு பார்ப்போம்."

பெட்டியை நான்கு பேர் பூப்போலத் தூக்கிக் கொண்டுவந்து மடத்துக்குப் பின்னால் ஓடிய ஆற்றின் கரைப் படியில் வைத்தார்கள். பூட்டின் சாவி புவாவோடு போய்விட்டது. ஆனால் துருவேறிய கொண்டி நானா இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.

பாதுகை இல்லை. துருவேறி அடி ஓட்டையான, வட்டமான ஒரு தகர டப்பா இருந்தது. அதைத் திறந்தபோது புளித்த நாற்றம் முகத்தில் அறைந்தது. 'சோனே துளஸ்' படத்தின் கடைசிச் சுருள் உள்ளே வெல்லப் பாகு காய்ந்ததுபோல ஒரே கட்டியாகி, ஓரமெல்லாம் பொடிந்து கிடந்தது. சர்ஜேராவ் விரல் நுனியால் தொட்டார். தொட்ட இடம் உதிர்ந்தது. பக்தன், பொற்குவியல், பாண்டுரங்கன் தரிசனம் எல்லாமே செம்பழுப்புப் பொடி. ஊர்க்காரர்கள் ஒரு வருஷமாக நெற்றியில் இட்டுக்கொண்டது அதைத்தான்.

ஜீப்பில் இருப்பவளிடம் என்ன சொல்வது என்று சர்ஜேராவுக்குத் தெரியவில்லை. தேடிக் கண்டுபிடித்தும் கைநழுவிப் போன வழக்கு அவருக்கு இதுதான் முதல்.

"சாஹேப், இங்க பாருங்க." பப்பனின் குரலில் கேலி இல்லை.

பெட்டியின் ஒரு மூலையில் மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி ஏதோ தனியாக இருந்தது. பிரித்தார்கள். முழங்கை நீளத்துக்கு ஒரு ஃபிலிம் துண்டு. தினம் வெளியே எடுத்து, துடைத்து, காற்றுப் படவைத்து, திரும்பச் சுற்றி வைத்ததால் சுருளைத் தின்ற நோய் இதை அண்டவில்லை. விளிம்புகள் மட்டும் விரல் பட்டுப் பட்டு வழுவழுப்பாகியிருந்தன.

சர்ஜேராவ் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கப் போனார். பிறகு கையை இறக்கினார். முதலில் பார்க்க வேண்டியவள் ஹௌசாபாய்.

பப்பன் போய் அழைத்ததும் ஹௌசாபாய் வந்தாள். புவா தினமும் மேற்கு ஜன்னலில் நின்றதைச் சொல்லியபடியே ரக்மா அவளைக் கைத்தாங்கலாகப் படியில் உட்காரவைத்தாள். சர்ஜேராவ் துண்டை அவள் விரல்களுக்கிடையே வைத்து, கையைப் பிடித்துச் சூரியனுக்கு நேரே தூக்கிவிட்டார். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆற்றில் யாரோ எருமைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"காது என் பிள்ளையோடதுதான்," என்றாள் கடைசியில். "பெரிய காது. எங்கப்பாவுக்கு அப்படித்தான்." "நடக்கறான். அன்னைக்குத்தான் அவன் முதல்ல நடந்தான் தம்பி. கேமரா முன்னாலதான் நடந்தான். அதுக்கு முன்னால தவழ்ந்துட்டு…"

துண்டைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாள்.

"இது படத்துல இல்லையே."

"என்ன மாவ்ஷி?"

"இது படத்துல இல்லை! நான் எத்தனை தடவை பார்த்திருக்கேன். இதுல குழந்தை தடுக்கி விழப் போறான். இந்தா, ஒரு கை வருது பார். மணிக்கட்டுல துளசி மணி கட்டின கை. இது அவரோட கை." இத்தனை காலம் 'அவன்' என்று சொல்லிவந்தவள், தன்னையறியாமல் 'அவர்' என்றாள். "ஆமா… ஆமா. அன்னைக்குக் குழந்தை தடுக்குச்சு. முகத்தைத் திருப்பிட்டு நடக்க வேண்டிய ஆள் திரும்பி ஓடிவந்து தூக்கிட்டார். டைரக்டர் கத்து கத்துன்னு கத்தினார். 'பக்தன் திரும்பிப் பார்த்தா படம் எதுக்குய்யா?'ன்னு கேட்டார். திரும்ப எடுத்தாங்க. இதை வெட்டித் தூக்கிப் போட்டாங்க."

வெட்டித் தூக்கிப் போட்டதை எடுத்து வைத்துக்கொண்டு ஐம்பது வருஷம் உட்கார்ந்திருக்கிறார். ஊரே பார்த்துத் தேங்காய் உடைத்த படம் பொடியாகிவிட்டது. படத்துக்கு ஆகாது என்று கழித்தது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நானா படியில் இரண்டு தட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். "எல்லாத்தையும் விட்டவர்னு நான் ஊர் ஊராப் போய்ச் சொன்னேனே," என்றார் யாரிடம் என்றில்லாமல்.

"பாவி மனுஷன்," என்றாள் ஹௌசாபாய். "நான் சபிக்காத நாளில்லை. கல்லுன்னு சொன்னேன். பெத்த பிள்ளைக்கு அழாதவன் சாமிக்கு அழுவானான்னு கேட்டேன். தினம் அந்த ஜன்னல்ல நின்னு இதைப் பார்த்துட்டா இருந்தான்? ஒரு தடவை வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியிருந்தா என்ன? ஒரு தடவை! ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போமே."

அவள் அழவில்லை. பப்பன் எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு, முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ரக்மா அவள் முதுகைத் தடவினாள். "குழந்தை பேரு என்னம்மா?"

ஐம்பது வருஷமாக அந்தப் பெயரை ஹௌசாபாய் உச்சரித்ததே இல்லை. சர்ஜேராவிடம்கூடச் சொல்ல மறுத்திருந்தாள்.

"விட்டல்னு பாண்டுரங்கன் பேரையே வெச்சோம். கூப்பிடறது விட்டூ."

ரக்மாவின் கை முதுகில் அப்படியே நின்றது. அவள் நானாவைப் பார்த்தாள். நானா அவளைப் பார்த்தார்.

"அம்மா," என்றாள் ரக்மா. "புவா தினமும் தூக்கத்துல கூப்பிடுவார். 'விட்டூ, விழுந்துடாதே… விட்டூ, இங்க வா'ன்னு கையை நீட்டிக்கிட்டுக் கூப்பிடுவார். நாங்க சாமியைக் கூப்பிடறார்னு நெனைச்சோம். எழுந்து உட்கார்ந்து கும்பிடுவோம்."

அப்போதுதான் ஹௌசாபாய் அழ ஆரம்பித்தாள்.